பேசாத பேனா

2023 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. பள்ளியின் தரைத்தளத்தில், முதலுதவி அறைக்கு அடுத்த சிறிய அறையில் நடந்த மாதிரித் தேர்வில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வேதியியலில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று மதிப்பெண் பெற்றாள். விடைத்தாளை எழுதியவர் பள்ளி நூலகர்.

அந்த மாணவிக்குப் பிறவியிலேயே கைத்தசைகளில் இறுக்கம். பேனாவைப் பிடித்தால் விரல்கள் அவள் பேச்சைக் கேட்காது. அவள் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் பக்கத்து பெஞ்சில் பக்கம் புரண்டுவிடும். மொழிப்பாடங்களைக் கணினியில் தட்டிச் சமாளித்துவிடுவாள். வேதிச் சமன்பாடுகள் அப்படி வளைந்து கொடுப்பதில்லை. அதனால் அவள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத வேண்டும். வாய்க்கு மட்டும் எந்த இறுக்கமும் கிடையாது. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி போடுவாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

இப்படிப்பட்ட ஏற்பாடுகளைச் செய்வதற்கென்று பள்ளியில் ஒரு டீச்சர் இருந்தார். பார்வை மங்கலான பையனுக்குப் பெரிய எழுத்தில் வினாத்தாள் கேட்டு வாங்குவார். சர்க்கரை நோய் உள்ள சிறுமியின் மேசையில் பிஸ்கெட் பொட்டலம் இருக்கலாம் என்று அனுமதி வாங்குவார். சின்னச் சத்தத்துக்கும் கலங்கிப்போகிற ஒருவனுக்காக, ஓடும்போது கிறீச்சிடாத மின்விசிறியைத் தேடி, ஒவ்வோர் அறையாகச் சுவிட்சைப் போட்டுத் தலையை அண்ணாந்து காதைக் கொடுத்து நிற்பார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் எக்ஸ்ட்ரா டைம். ஊருக்கெல்லாம் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுக்கிற அவர் மதியச் சாப்பாட்டை மாலையில்தான் சாப்பிடுவார்.

தொண்ணூற்று மூன்று வந்த செய்தி பரவிய காலையில் டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைமையாசிரியை வராந்தாவிலேயே நிறுத்திக் கை குலுக்கினார். வக்கீலின் அம்மா பேருந்து நடத்துநர். மகளின் மார்க்கை அவர் முதல் டிரிப்பில் ஏறிய எல்லோருக்கும் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டதாக, அதே பேருந்தில் வந்த கணக்கு வாத்தியார் சொன்னார்.

இடைவேளையில் வக்கீல் வந்து கதவருகே நின்றாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"டீச்சர், எனக்கு எழுதுறவங்கள மாத்தணும்."

டீச்சர் ஸ்டூலின் மேல் நின்று ஒரு மின்விசிறியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்தார். கையெழுத்து புரியவில்லையா, வேகம் போதவில்லையா என்று விசாரித்தார். இரண்டும் இல்லையாம். நூலகர் தங்கமான மனுஷியாம், எழுத்து முத்து முத்தாக இருக்குமாம்.

"அப்புறம் என்னதான்டி கொறை?"

"கொறை ஒண்ணும் இல்ல டீச்சர். கூடத்தான் இருக்கு. நான் தப்பா சொன்னா அவங்க பேனா நின்னுடுது."

வக்கீல் விளக்கினாள். சரியான விடையைச் சொன்னால் பேனா ஓடும். தவறாகச் சொன்னால் முனை தாளைத் தொடாமல் மேலேயே நிற்கும். ஒரு கண நேரம்தான். ஆனால் பார்க்கிறவளுக்கு அது போதும். முதல் முறை தற்செயலாகக் கவனித்து விடையை மாற்றியிருக்கிறாள். பிறகு தெரிந்தே செய்திருக்கிறாள். ஒன்றைச் சொல்லிப் பார்ப்பது, பேனா நின்றால் அடுத்ததைச் சொல்வது.

"அந்தத் தொண்ணூத்தி மூணுல எத்தன என்னோடது, எத்தன பேனாவோடதுன்னு எனக்கே தெரியல. பின் பெஞ்சுல ஒருத்தன் கேக்குறான், லைப்ரரி மிஸ் எந்த காலேஜ்ல சேரப் போறாங்கன்னு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் விட்டது. வக்கீல் சேர விரும்பியது மருந்தியல் பட்டயப் படிப்பு. அதற்கு வேதியியலில் எழுபது வேண்டும். வகுப்பில் வாய்மொழியாகக் கேட்கும்போது அவள் வாங்குகிற மார்க் எழுபதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஊசலாடிக்கொண்டிருந்தது. நூலகர் எழுதினால் இடம் உறுதி. வேறு யாராவது எழுதினால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

டீச்சருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. இவையெல்லாம் சலுகைகள் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். சலுகை இல்லை, வழியில் கிடக்கிற கல்லை நகர்த்துகிறோம், அவ்வளவுதான் என்று ஆசிரியர் கூட்டங்களில் தொண்டை வறளப் பேசியிருக்கிறார். இப்போது கல்லை நகர்த்தியதோடு நிற்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் போயிருக்கிறோம் என்று தெரிந்தால், பெரிய எழுத்து வினாத்தாளிலிருந்து பிஸ்கெட் பொட்டலம் வரை எல்லாவற்றையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். பேசாமல் விட்டுவிடலாமா என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. வக்கீல் அங்கேயே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கிறவளை வைத்துக்கொண்டு பேசாமல் விட முடியாது.

அன்று மாலை நூலகத்தில் பயிற்சி என்று சொல்லி மூவரும் உட்கார்ந்தார்கள். நீர் நூற்றைம்பது டிகிரியில் கொதிக்கும் என்றாள் வக்கீல். பேனா ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு மாதிரி நின்றது. நூறு டிகிரி என்றாள். கொக்கு தலை குனிந்து மீனைக் கொத்தியது. இரண்டாம் கேள்வியிலும் இதே கதைதான். மூன்றாம் முறை நூலகர் உஷாராகி, உதட்டைக் கடித்துக்கொண்டு பேனாவை நிறுத்தாமல் ஓட்டினார். புருவம் நெற்றிக்கு ஏறிவிட்டது.

"நான் ஒண்ணுமே சொல்லலியே" என்றார் நூலகர்.

"நீங்க சொல்லல மிஸ். உங்க கை சொல்லிடுச்சு."

நூலகர் தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து உட்கார்ந்தவர் அவர். பிறகு அவரே சிரித்துவிட்டார். வேறு அலமாரிப் புத்தகம் ஒன்று தப்பான இடத்தில் இருப்பதைப் பார்த்தால் போதும், தன் கை தானாக எழுந்து போய்விடும் என்றும், வீட்டில் அவர் கணவர் செருப்பை மாற்றி விட்டாலும் இதே தொல்லைதான் என்றும் சொன்னார். இந்தக் கையை இனிமேல் திருத்த முடியாது, வேறு கை பாருங்கள் என்று அவரே டீச்சரிடம் சொன்னார்.

அடுத்தது அம்மா. இரண்டு டிரிப்புக்கு நடுவே, தோளில் டிக்கெட் மெஷினோடு சீருடையிலேயே வந்தார். டீச்சர் விஷயத்தை எடுத்துச் சொன்னபோது நின்றுகொண்டே கேட்டார்.

"இவளுக்குப் பொறந்ததுல இருந்து எல்லாமே கொறைவாத்தான் டீச்சர் கெடச்சிருக்கு. ஒரே ஒரு தடவ கூடுதலா வந்தா, அதத் திருப்பிக் குடுக்கணுமா?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, உன் பஸ்ல ஒருத்தர் சில்லறைய கூடுதலா வாங்கிட்டா நீ விடுவியா? அடுத்த ஸ்டாப் வரைக்கும் ஓடுவ."

"அது கணக்கு டேலி ஆகணும்டி."

"எனக்கும் அதான். நாளைக்கு மருந்துக் கடையில நான் தப்பான டப்பாவ எடுத்தா, நிக்கறதுக்குப் பேனா இருக்காது."

அம்மா மகளைச் சிறிது நேரம் முறைத்தார். வீட்டிலும் இதே மாதிரிதான், பேசி ஜெயிக்க முடியாது என்று டீச்சரிடம் குறைப்பட்டுக்கொண்டார். வெளியே ஓட்டுநர் ஹாரன் அடித்தார். "எழுபதுக்கு ஒண்ணு கொறைஞ்சாலும் நான் உங்ககூடப் பேச மாட்டேன், ரெண்டு பேர்கூடவும்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

முகத்திலும் கையிலும் எதுவும் காட்டாத ஒருவரைத் தேடும் வேலை தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் அப்படி ஆள் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது அப்போதுதான் டீச்சருக்குப் புரிந்தது. கணக்கு வாத்தியார் தவறான விடை காதில் விழுந்ததும் நாக்கால் 'த்ச' என்று சத்தம் எழுப்பினார். தான் அப்படிச் செய்யவே இல்லை என்று அடித்துச் சொல்லி, சொல்லும்போதே இன்னொரு 'த்ச' போட்டார். பாட்டு டீச்சர் சரியான விடைக்குத் தலையாட்டினார். விளையாட்டு வாத்தியாரின் முகம் கல் போல இருந்தது, டீச்சருக்கு நம்பிக்கை பிறந்தது. வக்கீல் ஒரு கடினமான சமன்பாட்டைச் சரியாக முடித்ததும் அவர் மேசையைத் தட்டி "சபாஷ்" என்றார். அலுவலக எழுத்தர் எதையும் காட்டவில்லை. பாதியில் தூங்கிவிட்டார். தவறான விடையைக் கேட்டுச் சும்மா இருப்பது ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு, அரிக்கிற இடத்தைச் சொறியாமல் இருப்பது போல என்று டீச்சர் முடிவுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. முதல் வாயிலேயே உப்பு இல்லை என்பது டீச்சருக்குத் தெரிந்தது. எதிரே அத்தான் நிதானமாக இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"உப்பே போடல. இவரு ஒரு வார்த்த சொன்னாரா பாரு. கல்யாணத்தன்னிக்கு என்னப் புடிச்சிருக்கான்னு இந்த மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்க முடியல. இன்னிவரைக்கும் முடியல."

"புடிச்சிருந்துது" என்றார் அத்தான், முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல்.

டீச்சர் சாப்பிடுவதை நிறுத்தினார். அத்தான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். கூண்டில் நின்று அழுதவர்கள், சத்தம் போட்டவர்கள், வாயைத் திறந்தால் பொய்யாகவே பேசியவர்கள் எல்லோரையும் ஒரே முகத்தோடு எழுதியவர். வேதியியல் தெரியுமா என்று டீச்சர் கேட்டார்.

"உப்பு இருக்கா இல்லையான்னே தெரியாத மனுஷன்" என்றாள் அக்கா. "உனக்கு இதவிடப் பொருத்தமா ஆள் கெடைக்காது."

எழுதுபவரை மாற்றத் தேர்வு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. வேகம் போதவில்லை, எழுத்து தெளிவாக இல்லை, வரவில்லை. டீச்சர் எதிலும் குறி போடாமல் நேரில் போய் அதிகாரியிடம் விளக்கினார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். உதவி பத்தவில்லை என்று வருகிறவர்களைத்தான் இத்தனை காலமும் பார்த்திருப்பதாகவும், அதிகமாக இருக்கிறது என்று வந்த முதல் ஆள் டீச்சர்தான் என்றும் சொன்னார். புதியவர் எழுதுவதைத் தானே ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். அன்று சரியாக அமையாவிட்டால் நூலகரே தொடர வேண்டும். வேறு ஆளைத் தேட நாள் இல்லை.

அதிகாரி வியாழக்கிழமை வந்தார். முதலுதவி அறைக்கு அடுத்த அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் வக்கீல், அந்தப் பக்கம் அத்தான். அத்தான் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், நான்கு பேனாக்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சரும் அதிகாரியும் சுவரோரம் நாற்காலி போட்டுக்கொண்டார்கள்.

"சொல்லும்மா" என்றார் அத்தான்.

வக்கீல் வேண்டுமென்றே ஒரு தவறான விடையைச் சொன்னாள். பேனா ஓடியது. இன்னும் பெரிய தவறைச் சொன்னாள். ஓடியது. உலகத்தில் எந்த வேதியியல் புத்தகமும் தாங்காத ஒன்றைச் சொன்னாள். அதையும் எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அடுத்தது என்ன என்பது போல நிமிர்ந்து பார்த்தார். புருவம் இருந்த இடத்தில் இருந்தது. வக்கீலின் கண்கள் விரிந்தன. அதன் பிறகு உண்மையான விடைகளைச் சொல்லத் தொடங்கினாள். தடுமாறினாள், திருத்தினாள், யோசித்தாள். அரை மணி நேரம் ஆனதும் அதிகாரி எழுந்து போய்த் தாளை எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு வாய்விட்டுப் படித்தார்.

"எதிர்மின்வாயில் வெளிவருவது ஆக்சிஜன். இல்ல இல்ல, அத அடிச்சிடுங்க. அடைப்புக்குறிக்குள், மாணவி நெற்றியில் தட்டிக்கொள்கிறாள். ஹைட்ரஜன். ஹைட்ரஜன்தானே? கடவுளே. அடைப்புக்குறிக்குள், மாணவி தண்ணீர் குடிக்கிறாள். இந்த ஃபேன் ஏன் இப்படிக் கத்துது."

டீச்சர் முதலில் மின்விசிறியைத்தான் பார்த்தார். அது கத்திக்கொண்டுதான் இருந்தது.

"இது என்னங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"பதிவு" என்றார் அத்தான். "சொன்னதுல ஒரு சொல் விட்டிருந்தா காட்டுங்க. முப்பத்தோரு வருஷத்துல எம்மேல அந்தப் புகார் வந்ததே இல்ல."

அடிக்கச் சொன்னதை ஏன் அடிக்கவில்லை என்று அதிகாரி கேட்டார். சாட்சி சொன்னதைச் சாட்சியே அடிக்கச் சொன்னால் அடிக்கக் கூடாது, அடிக்கச் சொன்னதையும் சேர்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் மேல்முறையீட்டில் மாட்டிக்கொள்வோம் என்று அத்தான் பொறுமையாகச் சொன்னார். அதிகாரி தாளை மேசையில் வைத்தார். இதைத் திருத்துகிறவர் எந்த வரிக்கு மார்க் போடுவார் என்று டீச்சரைப் பார்த்துக் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. டீச்சருக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது. வருத்தப்படுகிற அதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். பேசுகிற பேனாவிலிருந்து தப்பி, வாயை மூடவே தெரியாத பேனாவிடம் வந்து சேர்ந்திருந்தார்கள்.

வக்கீல் அந்தத் தாளை வரி வரியாகப் படித்தாள். பிறகு அத்தானிடம் கேட்டாள்.

"சார், கோர்ட்டுல யார் அடிக்கச் சொன்னா அடிப்பீங்க?"

"நீதிபதி சொன்னா அடிப்பேன். அவர் எழுதச் சொன்னத எழுதுவேன், வேண்டாம்னா விட்டுடுவேன். தீர்ப்பு சொல்லும்போது அவர் எத்தன தடவ மாத்துவார் தெரியுமா? கடைசியா சொன்னது மட்டும்தான் தாள்ல இருக்கும்."

"அவர் இருமினா?"

"நீதிபதி இருமினத எவனாவது எழுதுவானா?" அத்தான் முதல் முறையாக லேசாகத் திடுக்கிட்டது போலத் தெரிந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஆமா, இங்க நீதிபதி யாரு?"

அதிகாரி தன்னையறியாமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

டீச்சர் எழுந்து வந்து வக்கீலின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"இவதான், அத்தான். இங்க இவ சாட்சி இல்ல. இது இவ சொல்ற தீர்ப்பு. நீங்க அத எழுதுறீங்க, அவ்வளவுதான்."

அத்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. எழுதிய தாளை எடுத்து ஓரமாகக் கவிழ்த்து வைத்தார். புதுத் தாளை முன்னால் இழுத்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? எல்லாரும் வக்கீல் வக்கீல்ன்னாங்க, நான் கொழம்பிட்டேன்." பிறகு வக்கீல் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க."

அவர் 'சொல்லும்மா'விலிருந்து 'சொல்லுங்க'வுக்கு மாறியதை டீச்சர் கவனித்தார். வக்கீலும் கவனித்திருக்க வேண்டும். கால் மேல் கால் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் இருவரும் அங்கேயே பேசி முறையை வகுத்துக்கொண்டார்கள். 'எழுதுங்க' என்றால் எழுத வேண்டும். 'இருங்க' என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும், அந்த நேரத்தில் அவள் என்ன புலம்பினாலும் அது காற்றோடு போகும். 'அடிங்க' என்றால் ஒரே கோடு. கேட்டால் எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும், எல்லா வரியையும் ஒரே குரலில். ரசாயனக் குறியீடுகளை எழுத்து எழுத்தாக அவளே சொல்வாள். அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, மறுபடி ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். இந்த முறை தாளில் விடைகள் மட்டும் இருந்தன. சரியானவையும் தவறானவையும் ஒரே அழகோடு இருந்தன.

அதிகாரி படிவத்தை எடுத்தார். மூன்று கட்டங்களையும் பார்த்தார். அவற்றுக்குக் கீழே தானே பேனாவால் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்து, அதில் குறி போட்டு, பக்கத்தில் 'உதவி கூடுதல்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். போகும்போது மின்விசிறியை நிமிர்ந்து பார்த்து, அதை முதலில் மாற்றுங்கள் என்றார்.

நூலகருக்கு வேறு வேலை கிடைத்தது. தேர்வு நாட்களில் சர்க்கரை நோய்ச் சிறுமிக்கு பிஸ்கெட் நேரத்தை நினைவுபடுத்துவது. அதில் அவர் கை தானாகப் போவது நல்லதுதான் என்று டீச்சர் முடிவு செய்தார்.

வேதியியல் தேர்வு மார்ச் மாதத்தில் நடந்தது. புது மின்விசிறி சத்தமில்லாமல் ஓடியது. மூன்றாம் பகுதியில் ஒரு கேள்விக்கு வக்கீல் இரண்டு விடைகளுக்கு நடுவே நெடுநேரம் திண்டாடியதாக, அறையில் இருந்த கண்காணிப்பாளர் பிறகு சொன்னார். பழக்க தோஷத்தில் அவள் எதிரே இருந்த பேனாவைப் பார்த்திருக்கிறாள். பேனா மேசை மேல் படுத்திருந்தது. முகத்தைப் பார்த்திருக்கிறாள். அது உப்பில்லாத சாப்பாட்டைச் சாப்பிடும் முகமாக இருந்தது. வக்கீல் சிரித்துவிட்டு, கண்ணை மூடி யோசித்து, 'எழுதுங்க' என்றிருக்கிறாள். அந்த விடை தவறு. சரியான இன்னொன்றை விட்டுவிட்டாள் என்பது வெளியே வந்து புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"போச்சா?" என்று கேட்டார் அம்மா, பேருந்துப் படியில் நின்றபடி.

"போச்சு. ஆனா நானே போகவிட்டது" என்றாள் வக்கீல்.

அம்மா டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். மகளாக இருந்தாலும் டிக்கெட் உண்டு.

முடிவுகள் மே மாதம் வந்தன. வேதியியலில் எழுபத்தாறு. மருந்தியல் பட்டயப் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்தது.